சேற்றுப்புண்ணும் சீமையகத்தியும்: மலாயாத் தோட்டத் தமிழரின் கால்நோய் மருத்துவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நடைபெற்ற மூலிகைக் கண்காட்சிக்கு நடுவராகச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அகன்ற இலைக்கொத்து ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, அதனருகே அறிவிப்பு அட்டை ஒன்றை வைத்திருந்தாள். ‘சீமையகத்தி: சேற்றுப்புண்ணுக்கு நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்ட மருந்து’ என்று அழகிய கையெழுத்தில் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் அதனைப் படித்து மகிழ்ந்தனர். நாமும் மதிப்பெண் இட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தோம். ஆயினும் அந்த ஒரு வரி நெடுநாள் நம் நினைவை விட்டு அகலவில்லை.

அவ்வரியுள் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. சேற்றுப்புண் என்பது தொன்றுதொட்டு அறியப்பட்ட ஒரே நோய் என்பது ஒன்று. சீமையகத்தி தமிழ்நிலத்தின் தொல்மூலிகை என்பது மற்றொன்று. அம்மூலிகை அந்நோயைத் தீர்க்கும் என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது கூற்றுக்குப் போதிய சான்றுண்டு. இரண்டாவது பிழையானது. முதலாவதோ நாம் எண்ணுவதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. மலாயா இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் கால்களை முன்னிறுத்தி இம்மூன்றையும் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. கால்விரலிடுக்கு அரிப்பு வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என ஐயுறுவோரும் இருக்கலாம். சஞ்சிக் கூலிகளின் மலேரியாவையும் அம்மையையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவர்களின் அன்றாடச் சிறுநோய்கள் எழுதப்படவில்லை என்பதே நம் விடை. ஒருவரைக் கொல்லாத நோய் ஆவணங்களில் இடம்பெறுவது அரிது.

சொல்லும் அதன் பயணமும்

‘சேற்றுப்புண்’ என்னும் சொல் நோயின் காரணத்தைக் கூறாமல் நோய் வந்த இடத்தைக் கூறுகிறது. நடவுக்காலத்தில் நாள்முழுதும் நீர் நிறைந்த வயலில் நிற்கும் உழவர் பெருமக்களின் விரலிடுக்குகள் வெளுத்து ஊறி, பின் வெடித்துப் புண்ணாகும். அதுவே சேற்றுப்புண். இச்சொல்லைத் தஞ்சை, திருச்சி, ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர்கள் தம்மோடு கொண்டுவந்தனர். இரப்பர்க் காட்டில் நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை. எனினும் விடியற்காலைப் பெரட்டு முடிந்து, பனியில் நனைந்த புல்லின் ஊடே மரஞ்சீவச் சென்றவர்களின் கால்கள் நண்பகல் வரை ஈரமாகவே இருந்தன. சேறு மறைந்தபின்னும் சேற்றுப்புண் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பிற மொழியினர் இதே அரிப்புக்கு இட்ட பெயர்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். மலாய்க்காரர் இதனைக் ‘குத்து ஆயேர்’ என்பர். நீர்ப்பேன் என்பது அதன் பொருள். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஒன்று நீரில் இருந்து விரலிடுக்கில் ஏறுகிறது என்ற கருத்து அப்பெயரில் உறைந்துள்ளது. சீனர் இதனை ‘ஹாங்காங் கால்’ என்றனர். ஆங்கிலேயப் படையினரிடையே ‘சிங்கப்பூர்க் கால்’ என்ற வழக்கும் இருந்தது. அமெரிக்காவில் 1920களின் இறுதியில் ‘விளையாட்டு வீரர் கால்’ என்ற பெயர் பரவி, இன்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது. தமிழர் தம் உழைப்பின் பெயரால் அழைத்த நோயை மேலைநாட்டார் தம் பொழுதுபோக்கின் பெயரால் அழைத்துள்ளனர். துறைமுகப் பெயர்கள் இரண்டும் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. அதனைப் பின்னர்க் காண்போம்.

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் மரஞ்சீவிய எம் பாட்டியாரின் கால்களை நாம் நன்கு அறிவோம். மாலையில் லயத்து வாசற்படியில் அமர்ந்து, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, அரைத்த மருதாணியையோ மஞ்சளையோ அப்புவார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், காய்ச்சலுக்குப் போகலாம், காலரிப்புக்கா போவார்கள் என்பார். ஆஸ்பத்திரிக்குச் சென்றால் அன்றைய வேலை கெடும். வேலை கெட்டால் கூலி குறையும். டிரசரின் ஏட்டில் இந்நோய் அரிதாகவே இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எந்த நோய்?

பழைய நோய்ப்பெயர் ஒன்றை இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றோடு பொருத்திவிடுவது எளிது. அப்பொருத்தம் சரியா என்று நிறுவுவது கடினம். சேற்றுப்புண் என்றவுடன் இன்றைய அகராதிகள் பூஞ்சைத் தொற்று எனப் பொருள் தருகின்றன. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் நுண்பூஞ்சைகள், குறிப்பாக நான்காம் ஐந்தாம் விரல்களுக்கு இடையிலான வெப்பமும் ஈரமும் நிறைந்த இடுக்கில் வேர்கொள்வதால் வருவது இது. ஆனால் செருப்பின்றி நடந்த தோட்டத் தொழிலாளியின் விரலிடுக்கில் அரிப்பை உண்டாக்கக்கூடிய வேறொன்றும் மண்ணில் இருந்தது.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலந்தோறும் தொழிலாளர்களின் கால்கள் அரித்துப் புண்ணாயின. அவர்கள் அதனைப் ‘பானி காவ்’, அதாவது நீர்ப்புண், என்றனர். 1901இல் டால்கெட்டி என்ற மருத்துவர் கூலிகளின் இக்கால்புண் குறித்து மருத்துவ இதழொன்றில் எழுதினார். மறு ஆண்டே பென்ட்லி என்பவர், மண்ணில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலைத் துளைத்து உட்புகுவதே அப்புண்ணின் காரணம் என்று எடுத்துக்காட்டினார். கொக்கிப்புழு தோல்வழியே உடலுள் நுழையும் என்பதை எகிப்தில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் 1898 அளவிலேயே கண்டறிந்திருந்தார். பென்ட்லியின் கட்டுரை அதனைக் கூலிகளின் கால்களோடு இணைத்தது. மலாயாத் தோட்டங்களிலும் இப்புழு பெருகியிருந்தது. 1915க்கும் 1917க்கும் இடையே ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஆணையம் மலாயா, சாவகம், பிஜி ஆகிய இடங்களுக்கு வந்து ஆய்வு நடத்தியது. இம்மூன்றுமே தோட்டத் தொழில் வேரூன்றிய நிலங்கள் என்பது கருதத்தக்கது.

கொக்கிப்புழு நுழைந்த இடத்தில் தோன்றும் அரிப்பும் கொப்புளமும் ஓரிரு வாரங்களில் தாமாகவே ஆறிவிடும். புழுவோ குடலுக்குச் சென்று குருதியை உறிஞ்சத் தொடங்கும். இந்த ஒரு செய்தியே மூலிகை மருத்துவ வரலாற்றை எழுதுவோரைத் தயங்க வைக்க வேண்டும். தானே ஆறும் புண்ணின்மீது எதைப் பூசினாலும் பூசியதே ஆற்றியதாகத் தோன்றும். மருதாணி, மஞ்சள், கடுக்காய் ஆகியவற்றின் பெருமை ஓரளவேனும் இவ்வாறு வளர்ந்திருத்தல் கூடும். மேலே அரிப்பு அடங்க, உள்ளே சோகை வளர்ந்த உடல்கள் எத்தனையோ! தோட்டத் தாய்மாரின் வெளிறிய முகங்களுக்கும் அவர்களின் காலரிப்புக்கும் தொடர்புண்டு என்பதை அக்கால லயங்களில் அறிந்தோர் சிலரே.

அப்படியாயின் பூஞ்சைத் தொற்று எங்கே இருந்தது? ஈண்டு வரலாறு எதிர்பாராத திருப்பம் ஒன்றைக் காட்டுகிறது. இன்று உலகெங்கும் விரலிடுக்குத் தொற்றுக்கு முதன்மைக் காரணமான டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்னும் பூஞ்சை, தென்கிழக்காசியா, மேற்கு ஆப்பிரிக்கா, வட ஆஸ்திரேலியா முதலிய நிலங்களில் நெடுங்காலம் வாழ்ந்து வந்தது என்று பூஞ்சையியலாளர் கருதுகின்றனர். ஆனால் அந்நிலத்து மக்கள் வெறுங்காலுடன் நடந்தனர். ஆகவே அது அவர்களின் உடலில் படர்தாமரையாகத் தோன்றியதேயன்றிக் காலில் பெரிதாக வேர்கொள்ளவில்லை. காலணியும் காலுறையும் அணிந்து வந்த ஐரோப்பியப் படையினர், அலுவலர் ஆகியோரின் கால்களே அதற்கு ஏற்ற இடமாயின. காற்றுப் புகாத சப்பாத்தினுள் ஊறிய கால் பூஞ்சைக்கு நல்ல விளைநிலம். ஐரோப்பிய மருத்துவ இலக்கியத்தில் இந்நோய் மிகப் பிந்தியே இடம்பெறுகிறது. 1888இல் இத்தாலியரான பெல்லிசாரியும், 1908இல் இலண்டன் மருத்துவரான விட்ஃபீல்டும் எழுதியவையே தொடக்ககாலக் குறிப்புகள். இரண்டு உலகப்போர்களின் படைநகர்வுகள் அதனை எங்கும் பரப்பின. ‘சிங்கப்பூர்க் கால்’, ‘ஹாங்காங் கால்’ ஆகிய பெயர்களின் பின்னணி இதுதான். நோய்வித்து கீழைநாட்டினது எனினும், அதனைக் கால்நோயாக்கியது மேலைநாட்டுச் சப்பாத்து. ‘சப்பாத்து’ என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழி தந்த கொடை என்பதும் நினைவுகூரத்தக்கது.

இதன்படி நோக்கினால், 1900களின் தொடக்கத்தில் வெறுங்காலுடன் உழைத்த தமிழரின் சேற்றுப்புண்ணில் ஒரு பகுதி நீரில் ஊறியதால் வந்த வெறும் தோல்சிதைவு. ஒரு பகுதி கொக்கிப்புழு. ஒரு பகுதியே பூஞ்சை. அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து அணிந்து செல்லத் தொடங்கியபோது கொக்கிப்புழு குறைந்தது, பூஞ்சை கூடியது. 1930களில் சிங்கப்பூரில் காலூன்றிய பாட்டா நிறுவனத்தின் மலிவுச் சப்பாத்துகளும், பின்னாளில் வெளிக்காட்டு வேலைக்கு வந்த இரப்பர்க் காலணிகளும் இம்மாற்றத்தின் கருவிகள். நோய் மாறியது, பெயர் மாறவில்லை, பூசிய மருந்தும் மாறவில்லை.

சீமையிலிருந்து வந்த அகத்தி

இனி மூலிகைக்கு வருவோம். மாணவியின் குவளையில் இருந்த செடி, தாவரவியலார் சென்னா அலாட்டா எனக் குறிப்பது. லின்னேயசு 1753இல் அதற்குக் காசியா அலாட்டா என்று பெயரிட்டிருந்தார். மெழுகுவர்த்தியை ஒத்த மஞ்சள் பூங்கதிர்களும் சிறகு விளிம்புள்ள காய்களும் கொண்டு, மலேசியாவின் ஆற்றோரங்களிலும் சாலைக் கரைகளிலும் தானே வளர்கிறது. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஆகவே ஐரோப்பியர் அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்ட 1492க்கு முன்னர் அது தமிழகத்தில் இருந்திருக்க வழியில்லை. மிளகாய், கொய்யா, பப்பாளி, சீத்தா வரிசையில் அதனையும் வைத்தே எண்ண வேண்டும். ஈராயிரம் ஆண்டு என்பது ஒருபுறமிருக்க, அறுநூறு ஆண்டுகூட அதற்குத் தரவியலாது.

இதனைக் கண்டறிய மேலைநாட்டு ஆவணங்களைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. தமிழ்ப் பெயரே அதனைச் சொல்லிவிடுகிறது. அயல்நாட்டிலிருந்து வந்த பொருளுக்குச் ‘சீமை’ என்னும் அடையிடுவது தமிழ் மரபு. சீமையிலுப்பை, சீமைக்கருவேலம் என்பன போல இதுவும் சீமையகத்தி. பிற மக்களும் இதனை அயலது என்றே அறிந்திருந்தனர். சாவகத்தில் இதன் பெயர் ‘கெத்தெப்பெங் சீனா’. அவர்களுக்குச் ‘சீனா’ என்பது நமக்குச் ‘சீமை’ போன்றது. தாய்லாந்தில் ‘சும்ஹெட் தேட்’. ‘தேட்’ என்பது அயல்நாட்டைக் குறிக்கும் ஒட்டு. எல்லாவற்றினும் தெளிவானது பிலிப்பீன்சில் வழங்கும் ‘அக்கப்பூல்கோ’ என்ற பெயர். மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை இசுபானியக் கப்பல்கள் சென்று வந்தன. அச்செடி ஏறிவந்த துறைமுகத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இத்தனை மக்களும் பெயரிலேயே எழுதிவைத்த செய்தியை நாம் மட்டும் படிக்கத் தவறுகிறோம் என்பது வியப்புக்குரியது. (அடைமொழி இல்லாத அகத்தியின் தாயகமே நம் மலேசியத் தீவுக்கூட்டம் என்று தாவரவியலார் கூறுவதையும் இங்கே ஒரு புன்னகையோடு சுட்டலாம்.)

அம்போன் தீவில் வாழ்ந்து 1702இல் மறைந்த ரம்ஃபியசு இச்செடியை ‘ஹெர்பெட்டிகா’ என அழைத்தார். ஊர்ந்து படரும் தோல்நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. தமிழில் ‘படர்தாமரை’ என்னும்போது ‘படர்’ தரும் பொருளையே கிரேக்கச் சொல்லும் தருகிறது. ஆக, அச்செடி கீழைக்கடலுக்கு வந்த சில தலைமுறைகளுக்குள் படர்நோய் மருந்தாக அறியப்பட்டுவிட்டது. மலாய்க்காரர் அதனைக் ‘கெலெங்காங்’ என்றும், நேரடியாகப் படையிலை எனப் பொருள்படும் ‘டாவுன் கூராப்’ என்றும் அழைத்தனர். தமிழரும் ‘வண்டுகொல்லி’ என மற்றொரு பெயர் இட்டனர். படர்தாமரைக்கு ‘வண்டுகடி’ என்றொரு வழக்கு உண்டு. அந்த வண்டைக் கொல்வது வண்டுகொல்லி. நீர்ப்பேன் என்ற மலாய்க் கருத்துக்கும் வண்டு என்ற தமிழ்க் கருத்துக்கும் உள்ள ஒற்றுமை எண்ணி மகிழத்தக்கது. 1868இல் வெளிவந்த இந்திய மருந்துநூல் இதன் இலையைப் படர்தாமரை மருந்துகளுள் குறித்தது. திருவிதாங்கூரில் மருத்துவராகப் பணியாற்றி, கடைத்தெரு மருந்துகளைத் தேடித்தேடி எழுதிய வேரிங் என்பவரே அந்நூலின் பதிப்பாசிரியர்.

புதிதாக வந்த செடியின் பயனை இத்தனை மக்கள் இவ்வளவு விரைவில் எவ்வாறு அறிந்தனர்? செடியோடு செய்தியும் கப்பலேறி வந்திருக்கலாம். ஆயினும் இந்திய நிலத்தைப் பொறுத்தவரை வேறொரு காரணமும் உண்டு என்பது நம் துணிபு. சீமையகத்தியின் உறவுச்செடி ஒன்று நம் வயல்வரப்புகளில் முன்னரே இருந்தது. அதுவே தகரை. வடமொழியில் அதற்குத் ‘தத்ருக்னம்’ என்றும் ‘சக்கரமர்தம்’ என்றும் பெயர். முன்னது படையைக் கொல்வது. பின்னது வட்டத்தை அழிப்பது. வட்டவட்டமாகப் படரும் நோய்க்குத் தகரை விதையை அரைத்துப் பூசும் வழக்கம் பழமையானது. அதே இனம், அதே மஞ்சள் பூ, ஆனால் பன்மடங்கு பெரிய இலையுடைய புதுச்செடி ஒன்று வேலியோரம் முளைத்தபோது, தகரையை அறிந்த கண்கள் அதனை இனங்கண்டுகொண்டிருக்கும். தகரைக்கென இருந்த இருக்கையில் சீமையகத்தி வந்து அமர்ந்தது எனலாம். இங்கே முன்னோரின் பெருமை அச்செடியை ஈராயிரம் ஆண்டு வைத்திருந்ததில் இல்லை. புதியதைப் பழையதோடு ஒப்பிட்டு அறிந்த கண்ணில் இருக்கிறது. மாணவர்க்கு இதனைச் சொல்லித் தருவது கடினமன்று. ஆனால் ‘நமக்கே உரியது’ என்ற வாசகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வேதியியல் இவ்வொப்பீட்டுக்கு அரண் செய்கிறது. இரு செடிகளிலும் ஆந்த்ராகுவினோன் வகைச் சேர்மங்கள் உள்ளன. கிரைசோஃபனால் அவற்றுள் ஒன்று. தகரை விதையின் பூஞ்சைக்கொல்லிப் பொருள் அதனோடு நெருங்கிய உறவுடைய ஆந்த்ரோன் என்று 1975இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இத்தொடர்பு வேறு வழியில் வெளிப்பட்டிருந்தது. கோவாவிலும் பம்பாயிலும் ‘கோவாப் பொடி’ என்ற மஞ்சள் தூள் படர்தாமரைக்கு விற்கப்பட்டது. அது பிரேசிலின் பாகியா மாநிலத்து அராரோபா மரத்தின் உள்ளீடு என்பதும், போர்த்துக்கீசியர் வழியே கோவாவுக்கு வந்தது என்பதும் 1870களில்தான் ஆங்கில மருத்துவ உலகுக்குத் தெரியவந்தன. இலண்டனில் பால்மானோ ஸ்கொயர் அப்பொடியைக் காளாஞ்சகப்படைக்குப் பயன்படுத்திப் பயன் கண்டார். அதன் வழியே 1916இல் உருவான டித்ரனால் இன்றும் தோல்மருத்துவத்தில் வழங்குகிறது. இந்தியக் கடைத்தெருவில் பெயர் தெரியாமல் விற்ற ஒரு பொடி, ஐரோப்பிய மருந்தியலின் ஒரு கிளைக்கு வேரானது. அதனை இந்திய மருந்து என்பதா, பிரேசில் மருந்து என்பதா, போர்த்துக்கீசிய மருந்து என்பதா?

பிலிப்பீன்சு அரசின் சுகாதாரத் துறை 1992இல் பரிந்துரைத்த பத்து மூலிகைகளுள் அக்கப்பூல்கோவும் ஒன்று. அங்கே அவ்விலையின் சாறு கழுவுநீராகவும் சவர்க்காரமாகவும் கடைகளில் கிடைக்கிறது. மலேசியாவிலோ இச்செடி பெரும்பாலும் களையாகவே வெட்டப்படுகிறது.

லயத்து மருந்துகள்

தோட்டத்தில் வழங்கிய பிற மருந்துகளைப் பற்றிச் சில சொல்வோம். லயத்து வாசலில் மருதாணியும், கோவிலருகே வேம்பும் தமிழர் தாமே நட்டு வளர்த்தவை. மருதாணியின் செந்நிறத்துக்குக் காரணமான லாசோன் என்னும் பொருளுக்குப் பூஞ்சையை அடக்கும் ஆற்றல் உண்டு. நடவுப் பெண்கள் கைகால் நகங்களுக்கு மருதாணி இட்டுக்கொண்டது அழகுக்காக மட்டும் அன்று என்னும் மரபுக் கருத்துக்கு இது ஓரளவு துணைசெய்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் யாவரும் அறிந்தவை. கடுக்காய் மலாயாவில் விளையாதது. இந்தியாவிலிருந்து இறக்குமதியாகி நாட்டு மருந்துக் கடைகளில் விற்றது. அதன் துவர்ப்பு ஊறிய தோலை இறுக்கி உலர்த்தும். விரலிடுக்கு உலர்ந்தாலே பாதி நோய் அடங்கும் என்பதால், துவர்ப்புப் பொருள்கள் யாவும் இதற்கு ஓரளவு பயன்பட்டதில் வியப்பில்லை.

அண்டை மக்களிடம் கற்றவையும் உண்டு. மலாய்க்காரர் தேமலுக்கு லெங்குவாசுக் கிழங்கை வெட்டித் தேய்ப்பர். அது நம் பேரரத்தைதான். தமிழ் மருத்துவம் அதனை முதன்மையாக இருமலுக்கும் சளிக்கும் கொள்கிறது. எம் பாட்டியார் தேமலுக்கு அதனைத் தேய்த்ததும், ‘பேரரத்தை’ என்று சொல்லாமல் ‘லெங்குவாசு’ என்றே சொன்னதும் நமக்கு நன்கு நினைவிருக்கிறது. இருமலுக்குக் கடைச்சரக்காக வாங்கும்போது அதே பொருள் அவருக்கு அரத்தையாக இருந்தது. ஒரு கிழங்கு இரண்டு பெயரில் இரண்டு மருத்துவ மரபுகளிலிருந்து ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பயன்படாதவையும் தீங்கு செய்பவையும் இருந்தன. பச்சைப் பூண்டை நசுக்கி விரலிடுக்கில் கட்டும் பழக்கத்தால் தோல் வெந்து கொப்புளம் கண்டவர்கள் உண்டு. இன்று இதனை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட மிகுதி என்பதை நாட்டளவிலான சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. நீரிழிவுடையோரின் விரலிடுக்கு வெடிப்பு, கால் முழுதும் சீழ்பிடிப்பதற்கு வாயிலாகிவிடும். பாட்டியின் காலுக்குப் போதுமானதாக இருந்த பூச்சு பேரனின் காலுக்குப் போதாமல் போகலாம். தமிழாசிரியர் வகுப்பறையில் சொல்லும் ஒரு வரி, வீட்டில் ஒரு முதியவர் மருத்துவரைக் காணச் செல்வதைத் தள்ளிப்போடக் காரணமாகிவிடக் கூடாது.

பழிசுமந்த பெயர்கள்

நோய்ப்பெயர்களைப் பற்றிப் பேசுமிடத்து இன்னொன்றையும் கூறாமல் செல்வது முறையன்று. தொடையிடுக்கில் வரும் பூஞ்சைத் தொற்றை ஆங்கிலேயர் ‘டோபி அரிப்பு’ என்றனர். இந்தியச் சலவைத் தொழிலாளி வெளுத்த துணியிலிருந்து அந்நோய் வந்தது என்பது அவர்களின் எண்ணம். சிங்கப்பூரில் சுங்கை பிராஸ் பாசா ஓரமாக இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த இடம் இன்றும் டோபி காட் என்றே வழங்குகிறது. அங்கே நாள்தோறும் இரயிலேறும் இளைஞர்களுக்கு அப்பெயர் ஒரு காலத்தில் ஒரு நோய்க்கும் ஒட்டியிருந்தது என்பது தெரிந்திருக்காது. கொழும்பில் 1903 முதல் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ கஸ்டெல்லானி, 1910இல் தொடையிடுக்குப் படையிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்து விளக்கினார். நாம் மேலே கண்ட டிரைக்கோஃபைட்டன் ரூப்ரமே அது. வெயிலில் காய்ந்த துணியைவிட, வியர்வையில் ஊறிய இறுக்கமான உடையே அதற்கு உகந்தது. சப்பாத்துக் காலுக்குச் செய்ததையே சீருடை தொடைக்குச் செய்தது. பழி வண்ணார்மீது விழுந்தது.

உண்மையில் சலவையால் வந்த தோல்நோய் ஒன்று உண்டு. துணிக்குக் குறியிடச் சேராங்கொட்டையின் பாலைப் பயன்படுத்துவது வழக்கம். அப்பால் பட்ட இடத்தில் சிலருக்குத் தோல் தடித்துக் கொப்புளிக்கும். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படையினர் கழுத்திலும் இடுப்பிலும் குறியிட்ட இடத்தில் மட்டும் தடிப்புக் கண்டனர். 1943இல் அவர்களின் மருத்துவர்கள் அதனை ஆராய்ந்து எழுதினர். அது ஒவ்வாமையேயன்றித் தொற்று அன்று. சேராங்கொட்டை சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து கொடுக்கப்படும் மருந்துப்பொருள் என்பதும், சுத்தி செய்யாமல் தொடலாகாது என்பதை நம் மருத்துவர் அறிந்திருந்தனர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன.

இவ்வழக்கம் பழங்கதையாகிவிடவில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியாவில் வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரை பரவி வருகிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசுவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2020இல் சப்பானிய ஆய்வாளர்கள் அப்பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். ஒரு நாட்டின் பெயரை நோயோடு ஒட்டுவது முறையன்று என்று தோல்மருத்துவர் சிலர் மறுப்பும் எழுதினர். டோபி அரிப்பிலிருந்து இண்டோட்டினியே வரை நூறாண்டு கடந்துவிட்டது.

கண்காட்சியன்று நாம் அம்மாணவியிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தோம். இந்த இலையை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்பதே அது. பள்ளி வேலிக்குப் பின்னால் வளர்ந்திருந்தது என்றாள். இது மருந்துச்செடி என்று உனக்கு யார் சொன்னார் என்றோம். ஆசிரியர் சொல்லவில்லை, புத்தகத்திலும் இல்லை. பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெரியவர், தம் தாயார் இதனைக் காலில் தேய்த்துக்கொள்வார் என்று காட்டிக்கொடுத்தார், அவர் இதனைக் கெலெங்காங் என்று சொன்னார், வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் காட்டியபோதுதான் சீமையகத்தி என்று தெரிந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அச்செய்தி அட்டையில் இடம்பெற்றிருக்கவில்லை.